முருக்கந்தடியின் அடியும் நுனியும்

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தண்டின் நுனியில் ஒரு வளர்ச்சிச் சத்து உண்டாகிறது, அதற்கு ஓமோன் என்று பெயர், அது நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கும், அடியில் சேர்ந்து வேர்விடச் செய்யும் என்று படம் கீறி, அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நான் விவசாய இலாகா உத்தியோகத்துக்கு வந்தபோது வெள்ளைக்காரன் ஆட்சி. அந்தச் சத்தைப் பற்றிய கதை கப்பலில் வந்து இறங்கியும் இறங்காததுமான காலம். அம்புக்குறி இல்லாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் உங்களுக்குத் தெளிவு பிறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே இன்னும் பிறக்கவில்லை.

முதலில் என்னைச் சிலாபத்துக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனைத் தோட்டத்தில் போட்டார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிரிக்காமல் பகிடி விடுகிற மனிதர். வந்த கையோடு என்னிடம் கொஞ்சம் முள்முருக்குத் தடிகளைக் கொடுத்து, பாதியை நேராகவும் பாதியைத் தலைகீழாகவும் தகர டின்களில் நடச் சொன்னார். ஒரு தடியை ஈரச் சாக்கில் சுற்றித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடவும் சொன்னார். புதியவனை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். நேராக நட்டவை வேர்விட்டுத் துளிர்த்தன. தலைகீழாக நட்டவற்றில் பெரும்பாலானவை வதங்கின. சாக்கை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. தொங்கிய தடியில் வேர் மேலே வந்திருந்தது. மண் இருக்கும் திசையை விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து நின்ற பழைய அடியில் வந்திருந்தது.

“சேர், இதுக்கு விசர் பிடிச்சிட்டுது,” என்றேன்.

“விசர் அதுக்கில்லை. நீர் தலைகீழா நிண்டு சாப்பிட்டா சோறு தலைக்கே போகும்? வயித்துக்குத்தான் போகும். தடியும் அப்பிடித்தான். எப்பிடித் திருப்பி வைச்சாலும் உள்ளுக்குப் போற சத்து தன்ர பழைய அடியைத் தேடித்தான் போகும்,” என்றார் அவர்.

டின்களில் தலைகீழாக நட்டவற்றில் ஓரிரண்டு, ஈரம் கூடியதாலோ என்னவோ, செத்துப்போகாமல் தப்பிப் பிழைத்தன. அவற்றின் துளிர் முதலில் கீழ்நோக்கிப் புறப்பட்டு, பிறகு வெளிச்சத்தைத் தேடித் தூண்டில் முள் போல வளைந்து மேலே போனது. அந்த வளைவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்றார் அவர். கொப்பு பருத்தாலும் அது பிறந்த இடத்தில் அந்த வளைவு மாறாதாம். பார்த்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்கவில்லை.

அடுத்த இடமாற்றம் கற்பிட்டிப் பக்கம். தென்னையும் புகையிலையும் பார்ப்பது என் வேலை. அந்த மணலில் சைக்கிளை ஓட்டிய தூரத்தை விட உருட்டிய தூரம்தான் அதிகம். ஒருநாள் கண்டக்குழியில் ஊர்த் தலைவரான விதானையார் என்னை வழிமறித்தார்.

“நீர் மரம் படிச்ச ஆளெல்லோ. ஒரு வேலியைப் பாத்து, அது நேரா நட்டதோ தலைகீழா நட்டதோ எண்டு சொல்லும். இது வழக்காகிக் கோட்டுக்குப் போனா ரெண்டு பக்கமும் அழிஞ்சுபோகும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தன் காணியில் ஒரு துண்டை உறுதிப் பத்திரம் எழுதாமல், வாய்ப்பேச்சில், இன்னொருவர் இருக்கக் கொடுத்தால், அதைச் சுற்றி முருக்கந்தடிகளைத் தலைகீழாக நட்டு வேலி அடைப்பார்கள். நுனி மண்ணுக்குள், அடி வானத்தில். அப்படி நட்ட தடி வேர் பிடிக்காமல் சில வருடங்களில் உக்கி விழும். விழுந்ததும் குடியிருப்பவர் காணிக்காரரிடம் போய் மறுபடி கேட்க வேண்டும். அவர் சரி என்றால் மறுபடியும் தலைகீழாக நடுவார்கள். அதற்கு இரவல் வேலி என்று பெயர். நேராக நட்டால் வேர் பிடித்து நின்றுவிடும். அது சொந்த வேலி, அதற்குப் பிறகு அந்த நிலத்தை யாரும் கேட்கக் கூடாது.

வேலிக்குள் இருந்தவள் திரேசம்மா. அவளுடைய கணவன் சூசை கடலில் இறந்துபோய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நிலத்தைக் கொடுத்த பெரிய முதலாளியும் கிட்டத்தட்ட அதே காலத்தில் இறந்துவிட்டார். என்ன பேசிக் கொடுத்தார்கள், எப்படி வாங்கினார்கள் என்று சொல்ல இரண்டு பேருமே இல்லை. முதலாளியின் மகன் சாலிஹ் இப்போது நிலத்தைத் திருப்பிக் கேட்டார்.

நான் போனபோது திரேசம்மா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் அவளுடைய மகன்மாரின் வள்ளம் ஏற்றிக் கிடந்தது.

“பாருங்கோ ஐயா, வேலி பச்சையா நிக்குது. இரவல் வேலி இப்பிடிப் பச்சையா நிக்குமே? பெரிய முதலாளி எங்களுக்குத் தந்த இடம் இது. தந்தன் எண்டு அவர் வாயால சொல்லி நான் கேக்கேல்லை, அது மெய்தான். எண்டாலும் எழும்பிப் போ எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த வீடு போனா வள்ளம் இழுக்கிற இடமும் போயிரும். பெடியள் எங்க போறது?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐயாவும் வேதக்காரர்தானே,” என்றாள்.

ஓம், நானும் கத்தோலிக்கன்தான். அந்த ஒரு சொல் அன்றைக்கு என் தோளில் ஏறி உட்கார்ந்தது, கடைசிவரை இறங்கவில்லை.

மறுநாள் சாலிஹிடம் போனேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். புத்தளத்தில் உப்பு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், தகப்பன் இறந்த பிறகுதான் காணி பார்க்க ஊருக்கு வந்திருந்தார். வில்லனை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, மரியாதையாகப் பேசினார்.

“தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிரிக்கி ஐயா. அந்தத் துண்டையும் சேத்துத்தான் குடுக்கிறதாப் பேச்சு. வாப்பா இரவலாக் குடுத்த காணி அது. நான் சின்ன வயசுல பாத்த, தலைகீழாத்தான் நட்டாங்க. திரேசம்மாக்கிட்ட நான் பொய் செல்லல்ல. அவங்களும் பாவம்தான். ஆனா ஹக்கு, உரிமை எண்டு ஒண்டு இரிக்கிதே.”

வீட்டுக்குப் பின்னால், மதிலுக்கு உள்ளே, கிணற்றடியில் ஒரு பெரிய முருக்கு நின்றது. நான் கதிரையில் இருந்தபடியே தொழில் புத்தியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சாலிஹ் சொன்னார்: “அது வெள்ளப் பூப் பூக்கிற மரம். மன்னார்ல இரிந்து வாப்பா கொண்டு வந்து வெச்ச. இந்தக் கரையில வேற எங்கயும் இல்ல. நான் புத்தளத்துல ஊடு கட்டக்குள்ள ஒரு கொப்புக் கேட்டன். தரல்ல. ‘இந்த மரம் இந்த மண்ண விட்டுப் போகாது’ எண்டிட்டார். பெத்த புள்ளக்கி ஒரு கொப்பு இல்ல ஐயா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜும்மா முடிந்து ஆட்களும் வந்து, வள்ளங்களும் கரை சேர்ந்த ஒரு பிற்பகலில் வேலியைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாலிஹின் ஆட்கள், மறுபக்கம் திரேசம்மாவின் மகன்மாரும் உறவுக்காரரும், நடுவில் விதானையார் குடையோடு. முதல் மரத்தில் கொப்பு பிறந்த இடங்களைப் பார்த்தேன். எல்லாம் தூண்டில் முள். கீழே போய் மேலே வளைந்திருந்தன. தலைகீழாக நட்டது, சந்தேகமே இல்லை. களப்புத் தண்ணீர் கிட்ட இருந்ததால் மண்ணில் ஈரம், அதனால்தான் செத்துப்போகாமல் பிழைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். என் படிப்பு பலித்த சந்தோஷத்தில் அடுத்த மரத்துக்குப் போனேன். அங்கே வளைவே இல்லை. கொப்புகள் ஒழுங்காக மேல்நோக்கிப் பிறந்திருந்தன. நேராக நட்டது. அடுத்தது தூண்டில். அதற்கு அடுத்தவை இரண்டும் நேர். பிறகு மறுபடியும் தூண்டில்.

திரும்பி முதல் மரத்திலிருந்து தொடங்கினேன். மாற்றமில்லை. ஒரே வேலியில் பாதி இரவல், பாதி சொந்தம். இப்படி யாராவது வேலி அடைப்பார்களா?

“என்ன ஐயா, வேலியைப் பாக்கிறீரோ, சிலுவைப்பாதை செய்யிறீரோ?” என்றார் விதானையார்.

கண்டதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சாலிஹின் பக்கத்தில் ஒருவர் கத்தினார்: “அப்ப இரவல் வேலிதான். உக்கின இடத்துல களவா நேரா நட்டிரிக்கிறாங்க!”

“நாங்கள் நடேல்லை!” என்றாள் திரேசம்மா.

“அப்ப ஆர் நட்ட? ஜின் வந்தா நட்ட?”

“சோளகக் காத்துக் காலத்தில நாங்கள் வள்ளத்தையும் பிள்ளையளையும் கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் மீன்வாடிக்குப் போயிருவம், எல்லாருக்கும் தெரியும். ஒரு வருசம் திரும்பி வந்து பாக்க, விழுந்த இடமெல்லாம் அடைச்சுக் கிடந்திச்சி. என்ர மனுசன் ‘ஆரோ புண்ணியவான் அடைச்சிருக்கிறான்’ எண்டார். நாங்கள் அதோட விட்டிட்டம்.”

சாலிஹின் ஆட்கள் சிரித்தார்கள். அவளுடைய பக்கத்திலும் யாரோ அடக்க முடியாமல் சிரித்தது எனக்குக் கேட்டது. கேட்பதற்கு அது அவ்வளவு சொத்தையான கதை. தென்மேற்குக் காற்று எழும்பினால் அந்தக் கரையின் குடும்பங்கள் கிழக்குக் கடலுக்குப் போவது உண்மைதான். ஆனால் யாரும் இல்லாத நேரத்தில் வந்து, அடுத்தவன் வேலியை அடைத்துவிட்டுச் சொல்லாமல் போகிறவன் யார்?

நான் உண்மையைச் சொன்னதன் பலனைப் பாருங்கள். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் வீடு போகக்கூடிய ஒரு விதவை. திறந்த பிறகு வீடும் போகக்கூடிய, களவும் செய்த ஒரு விதவை.

“முடிவைச் சொல்லும். நேரா நட்டது ஆர்?” என்றார் விதானையார்.

திரேசம்மா என்னைப் பார்த்தாள். சாலிஹும் பார்த்தார். பழைய மரம், காலத்தில் எல்லாம் நிமிர்ந்துவிடும், எல்லாமே நேராக நட்டதுதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேச அங்கே ஒருவருக்கும் படிப்பில்லை. அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. அதேபோல, களவுதான் என்று சொல்லி வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவும் மனம் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

“எது தலைகீழ், எது நேர் எண்டு சொல்லுவன். ஆர் நட்டது எண்டு எனக்குத் தெரியாது.”

“தெரியாது எண்டு சொல்லவோ அரசாங்கம் உமக்குச் சம்பளம் தாறது?”

கூட்டம் முழுவதும் ஒற்றுமையாகச் சிரித்தது. அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். விதானையார் தீர்ப்புச் சொன்னார்: தலவில வேதக் கோயிலில் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் பெருநாள் முடியுமட்டும் அவள் இருக்கலாம், பிறகு வேலியைப் பிடுங்கிவிடுவது. நான் சைக்கிளை எடுக்கும்போது திரேசம்மா கிட்ட வந்தாள். “ஐயாவை எங்கட ஆள் எண்டு நம்பினன்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கிழமையே சிலாபத்துக்குப் போய் என் பழைய மேலதிகாரியிடம் கொட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். “தடியிட்ட ஒரு கேள்விதான் கேக்கலாம், உன்ர அடி எது எண்டு. அதுக்கு அது ஒருநாளும் பொய் சொல்லாது. ஆர் நட்டது, என்ன நினைச்சு நட்டது எண்டு கேட்டா அது வாய் திறக்காது. நீர்தான் அதின்ர வாயாலை பொய் சொல்ல வேணும். சொல்லாம வந்திட்டீர். பிறகென்ன?” என்றார்.

பிறகென்னவாம். அவருக்கென்ன, அவர் சிலாபத்தில் இருந்தார்.

மாசிப் பனி விலகி வெயில் ஏறிய காலத்தில் முருக்குகள் இலையைக் கொட்டின. பெருநாளுக்குப் போகும் வண்டிகள் தெருவில் ஓடத் தொடங்கியிருந்தன. ஒரு காலை அந்த வழியே போனபோது வேலியில் பூ. தூண்டில் மரங்களிலெல்லாம் வழக்கமான சிவப்பு. நேராக நின்ற மரங்களில் வெள்ளை. முதலில் உப்புக் காற்றில் வெளிறிவிட்டது என்றே நினைத்தேன். திரேசம்மாவிடம் கேட்டபோது, “அது வருசா வருசம் அப்பிடித்தான் ஐயா. சிலது வெள்ளையாப் பூக்கும்,” என்றாள். அவளுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. முதலாளி வீட்டு மதிலுக்குள் அவள் போனதே இல்லை.

வெட்டி நட்ட கொப்பு தாய்மரத்தின் பூவைத்தான் பூக்கும், அதில் மாற்றம் வராது. இந்தக் கரையில் வெள்ளை முருக்கு ஒன்றே ஒன்று. அப்படியானால் சூசை முதலாளியின் மரத்திலேயே கொப்புத் திருடி, முதலாளியின் நிலத்தையே வளைத்திருக்கிறான்! களவுக்கு மேல் களவு. நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். பூவையெல்லாம் தட்டி விழுத்தச் சொல்வோமா என்றுகூட யோசித்தேன். சொல்லவில்லை. சாலிஹிடமும் போகவில்லை. எது நியாயம் என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

பெருநாள் முடிந்த பிறகு சாலிஹ் ஆட்களோடும் மண்வெட்டியோடும் வந்தார். விதானையார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். திரேசம்மா சட்டிபானைகளை வெளியே எடுத்து வைத்திருந்தாள். மகன்மார் வள்ளத்தருகே தலை குனிந்து நின்றார்கள். தெருத் திருப்பத்தில் வரும்போதே சாலிஹின் நடை குறைந்தது. வேலியருகே வந்து நின்றுவிட்டார். பூ பூத்திருக்கும் காலத்தில் அவர் இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருடமாகியிருக்க வேண்டும்.

“தோண்டவா முதலாளி?” என்று ஒருவன் கேட்டான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஐயா, இந்த வெள்ளையெல்லாம் நேரா நட்டதா?”

“ஓம்.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

இதோ களவு என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பூங்கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிணத்தடி மதிலுக்கு உள்ளுக்கு நிக்கிற மரம். பொம்புளயள் குளிக்கிற இடம், வெளி ஆம்புள ஒருத்தன் கால் வெக்க ஏலா. வாப்பா தன்ட கையால வெட்டாம ஒரு கொப்பு வெளிய வந்திரிக்காது.” பூவிலிருந்து கையை எடுத்து, “எனக்கே தரல்ல,” என்றார்.

அவர் அழுதார் என்று சொல்ல மாட்டேன். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “சோளகத்துக்கு இவங்க போன நேரம் வந்து நட்டிரிக்கிறார். செல்லாம. அப்ப வாப்பா இந்த மண்ணக் குடுத்திட்டார், என்ன ஐயா?”

என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. ஓம் என்று தலையாட்டினால் எல்லாம் சுபம். ஆனால் என் குழப்பம் என்னை விடவில்லை. இரவல் என்பதையே மறந்த ஒரு வயதானவர், ஆடு புகுந்துவிடும் என்று இரக்கப்பட்டு, கைப்பழக்கத்தில் நேராக நட்டிருக்கலாமே? நேராக நடுவதற்குப் பெரிய மனது தேவையில்லை, தடி நடத் தெரிந்த எவனும் அப்படித்தான் நடுவான். அதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். “குடுக்கிற எண்ணத்தோட நட்டாரோ, சும்மா அடைச்சாரோ, எனக்குத் தெரியாது முதலாளி.”

விதானையார் தலையில் அடித்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியாது ஐயா. எனக்குத் தெரியும். நான் அவர்ட மகன்,” என்றார் சாலிஹ்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதில் பாடம் என்ன என்று கேட்டால் நான் திணறுவேன். அன்றைக்கு அந்த மனிதர் கண்டுகொண்டதை என் படிப்பு கண்டுகொள்ளவில்லை. என் படிப்பு இல்லாமல் அவரும் அதைக் கண்டிருக்க மாட்டார். நான் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால், ஏதோ ஒரு பக்கத்தில் அந்தக் கதை பூக்குமுன்னே முடிந்துபோயிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெரிய முதலாளி என்ன நினைத்து நட்டார் என்பது இன்றைக்கும் தெரியாது.

சாலிஹ் ஆட்களைத் திருப்பி அனுப்பினார். திரேசம்மா நடந்தது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் ஒரு சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“திரேசம்மா, புத்தளத்து ஊட்டுல வெக்க எனக்கு ஒரு கொப்புத் தருவீங்களா?”

“என்னட்டக் கேக்கிறீங்களே முதலாளி? உங்கட மரமெல்லோ?”

“இல்ல. உங்கட வேலி.”

அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மூத்த மகனிடம் கத்தியை வாங்கி, நல்ல முற்றிய கொப்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பினார். பூவையும் இலையையும் அவள் கழித்துவிட்டிருந்ததால் இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

“ஐயா, எந்தப் பக்கம் கீழ வரணும்?”

அது எனக்குத் தெரிந்த கேள்வி. தொட்டுக் காட்டினேன். அந்த முனை கீழே இருக்கும்படி கொப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒருமுறைகூடச் சாய்க்காமல், அவர் மணலில் நடந்து போனார்.